தீ மணி அடித்ததும் உள்ளே போனவர்

இந்த ஊரில் யாரும் என்னை "நீ யாரு வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பதில்லை. "ஐசி?" என்று கேட்கிறார்கள். பல் பிடுங்கப் போனாலும், சிம் கார்டு வாங்கப் போனாலும், சிநேகிதியைப் பார்க்கப் போய் அவளுடைய அடுக்குமாடி வாசலில் காவல்காரர் முன்னால் நின்றாலும் முதல் கேள்வி அதுதான். அடையாள அட்டைக்கு மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் சொல்லும் ஒரே பெயர் ஐசி. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகூட அதன் எண்ணை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். வந்த புதிதில் நான், "ஐசி இல்லை, பாஸ்போர்ட்தான்" என்று சொல்லும்போதெல்லாம் கவுன்டரில் இருக்கும் பெண் கணினியை விட்டுவிட்டு அப்போதுதான் என் முகத்தை நிமிர்ந்து பார்ப்பாள். சாத்தூரில் எங்கள் பள்ளி வாசலில் கொய்யாப்பழம் விற்ற அக்காவுக்கு என் அம்மா பெயர் தெரியும், அம்மா எந்தத் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்குகிறாள் என்பது தெரியும், போன வாரம் நான் வாங்கிய அடிகூடத் தெரியும். அப்போது அது பெரிய தொல்லையாக இருந்தது. இப்போது ஒரு நாளைக்காவது அப்படி யாராவது என்னைத் தெரிந்துவைத்துத் தொல்லை பண்ண மாட்டார்களா என்று இருக்கிறது.

நான் பார்க்கும் வேலையைச் சொன்னால் ஊரில் யாருக்கும் சட்டென்று புரிவதில்லை. நர்ஸாகத்தான் கோலாலம்பூருக்கு வந்தேன். இப்போது முதியோர் இல்லங்களுக்குப் போய், அங்கே வயதானவர்களை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து அறிக்கை எழுதும் ஒரு சிறிய நிறுவனத்தில் இருக்கிறேன். லைசன்ஸ் புதுப்பிக்கும் காலம் நெருங்கினால் இல்லங்கள் எங்களைக் கூப்பிடும். குளியலறைத் தரை வழுக்குகிறதா, மாத்திரை ஆள் மாறிப் போகிறதா, படுத்தே கிடப்பவர்களின் முதுகில் புண் இருக்கிறதா, தீப்பிடித்தால் எல்லாரும் வெளியே வந்துவிடுவார்களா என்று பார்க்க வேண்டும். அம்மாவிடம் போனில் இதையெல்லாம் விளக்கியபோது, "மாமியா மாதிரிக் கொற சொல்றதுக்குச் சம்பளமும் குடுக்காகளா?" என்று கேட்டாள். அவள் சொன்னதிலும் பெரிய தப்பு இல்லை.

கிள்ளானில் இருக்கும் திலகா அக்காவின் முதியோர் ஹோமுக்கு நான் முதன்முதலில் போனது ஒரு மழைக்காலக் காலை. இரண்டு தரை வீடுகளின் நடுச்சுவரை உடைத்து ஒன்றாக்கியிருந்தார்கள். வாசலில் ஒரு ரம்புத்தான் மரம், உள்ளே நுழைந்ததும் தைலமும் சாம்பிராணியும் கலந்த வாசனை. திலகா அக்கா அரசாங்க மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். யார் வந்தாலும் சாப்பிட வைக்காமல் விடாதவர். "முதல்ல பசியாறுங்க, அப்புறம் கொற கண்டுபிடிங்கலா" என்று தோசையைத் தட்டில் வைத்தார். காலைச் சாப்பாட்டுக்குப் பசியாறுவது என்று சொல்கிற ஒரே ஒரு காரணத்துக்காகவே இந்த நாட்டுத் தமிழின்மேல் எனக்கு ஒரு தனி ஆசை உண்டு. என்னோடு வந்திருந்த மிஸ்டர் லிம் எங்கள் நிறுவனத்தின் மூத்த ஆய்வாளர். அம்பாங் சீனர். நேர்மையானவர், பொறுமை குறைந்தவர். அவரும் கையால் தோசையைப் பிய்த்துச் சாப்பிட்டார். ஆனால் சாப்பிட்டதற்காக ஒரு குறையையும் விட்டுக்கொடுக்கவில்லை.

லெட்சுமி அம்மாவை அன்றுதான் பார்த்தேன். பூப்போட்ட கைலி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. ஜெஞ்சாரோம் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். தோட்டத்தை விற்றார்கள், தொழிலாளர் லயங்களை இடித்தார்கள், கணவர் இறந்தார், ஒரே மகள் வேலைக்காக ஜொகூருக்குப் போனாள். இங்கே நர்ஸைச் சின்னப் பிள்ளையிலிருந்து கிழவர் வரைக்கும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். நான் சீருடையில் இல்லாவிட்டாலும் என் நடையை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். "மிஸ்ஸி எந்த ஊரு? நம்ம ஊரா?" என்றார். அவர் தமிழ்நாட்டைப் பார்த்ததே கிடையாது. இருந்தாலும் அது அவருக்கு நம்ம ஊர். அடுத்த கட்டிலில் ரோசலின் ஆன்டி, சக்கர நாற்காலியில் இருப்பவர், பார்வை மங்கியவர். அப்பா ரயில்வேயில் இருந்ததால் பிரிக்ஃபீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் வளர்ந்து, டைப்பிஸ்டாக வேலை பார்த்துக் கல்யாணம் பண்ணாமலே இருந்துவிட்ட கத்தோலிக்கர். மாலையில் ரோசலின் ஆன்டி செபமாலை சொன்னால் மறுமொழியை விபூதி நெற்றியோடு லெட்சுமி அம்மா சொல்வார். நாற்காலியைத் தள்ளுவது, மீனில் முள் எடுத்து ஊட்டுவது, மழை வருகிறது என்று சொல்வது எல்லாமே லெட்சுமி அம்மாதான். கைகளில் இன்னும் மரம் வெட்டிய பலம் இருந்தது.

பசியாறி முடித்ததும் லிம் தீ மணியை அடிக்கச் சொன்னார். உண்மையில் தீ இல்லை, ஒத்திகைதான். மணி அடித்தால் எல்லாரும் வாசல் வழியாக ரம்புத்தான் மரத்தடிக்கு வந்து நிற்க வேண்டும். பணியாளர்கள் ஓடினார்கள், நடக்க முடியாதவர்களைத் தள்ளினார்கள், நடக்கக்கூடியவர்களில் சிலர் தடுமாறிக் கைபிடித்து இழுத்ததும் வந்துவிட்டார்கள். கூடத்தில் ரோசலின் ஆன்டியைத் தள்ளிக்கொண்டு வந்த லெட்சுமி அம்மா மட்டும் பாதி வழியில் நாற்காலியை நிறுத்திவிட்டுத் திரும்பினார். வாசலுக்கு முதுகைக் காட்டி, வீட்டுக்குள்ளே, தன் கட்டிலை நோக்கி வேகமாக நடந்தார். ஒரு பணியாளர் பிடித்த கையை உதறிவிட்டார். லிம் அவர் முன்னால் போய் நின்று, எங்கே போகிறீர்கள் என்று மலாயில் கேட்டார். "மாவ் பெர்கி மானா, ஆன்டி?"

"ஐசி" என்றார் லெட்சுமி அம்மா.

லிம் மறுபடி கேட்டார், இந்த முறை நெருப்பு என்று சொல்லிக் கையையும் அசைத்துக் காட்டினார். லெட்சுமி அம்மா அவருக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, இன்னும் சத்தமாக "ஐசி!" என்றார். பிறகு அவரைச் சுற்றிக்கொண்டு போய்த் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்ட பின்புதான் வெளியே வந்தார். லிம்முக்கு முடிவு எடுக்க அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. எங்கே போகிறாய் என்றால் அடையாள அட்டை என்கிறார், நெருப்பு என்றால் கேட்காமல் கத்துகிறார், மனம் குழம்பியிருக்கிறது. இப்படிப்பட்டவர்களை இந்த மாதிரிச் சிறிய ஹோமில் வைத்திருக்க முடியாது. செமினியில் மறதி நோய்க்காரர்களுக்கென்று கதவு பூட்டிய பகுதியோடு ஒரு பெரிய இல்லம் இருக்கிறது, அங்கே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் லைசன்ஸுக்கு நல்ல அறிக்கை தர முடியாது என்றார். திலகா அக்காவின் முகம் வாடிவிட்டது. "அவங்களுக்கு ஒண்ணும் இல்ல மிஸ்டர் லிம். என் கணக்குல தப்பு இருந்தாக்கூட அவங்க கண்டுபிடிப்பாங்க" என்றார். லிம் தலையை ஆட்டினார். மனம் தெளிந்தவர் யாரும் நெருப்பை நோக்கி நடக்க மாட்டார் என்பது அவர் வாதம். அன்றைக்கு எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

நெருப்பைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு தீக்குச்சி மருந்து வாசனை பால் வாசனையோடு சேர்ந்தே தெரியும். அம்மா வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீசில் நான் சிறுமியாக இருந்தபோது ஒரு தடவை தீப்பிடித்தது. ஒரு மூலையில் குப்பென்று எரிந்து, மண்ணைப் போட்டு அணைத்துவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வெளியே ஓடி வந்த அம்மா மறுபடி உள்ளே ஓடித் தன் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வந்ததைத் தெருவே பல நாள் சொல்லிச் சிரித்தது. உசுரைவிட உனக்குத் தூக்குச்சட்டி பெருசாப் போச்சா என்று அப்பா கத்தினார். அம்மா அலட்டிக்கொள்ளவில்லை. "அதை விட்டுட்டு வந்தா நாளைக்கு எதுல கஞ்சி கொண்டு போவேன்?" என்றாள். நானும் சிரித்தேன். கிள்ளானில் நின்றுகொண்டு அதை நினைத்தபோதும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: அன்று அந்தத் தூக்குச்சட்டி உள்ளே இல்லாமல் இருந்திருந்தால் அம்மா திரும்பி ஓடியிருக்க மாட்டாள்.

அதிலிருந்துதான் என் யோசனை பிறந்தது. லிம்மிடம் இன்னொரு வாய்ப்புக் கேட்டேன். ஹோமில் இருக்கும் எல்லாருடைய ஐசியையும் வாங்கி அலுவலக அறை அலமாரியில் பூட்டி வைத்துவிட்டால், கட்டிலுக்குத் திரும்பிப் போக யாருக்கும் காரணம் இருக்காது. ஐசியும் தொலையாது. லிம் ஒப்புக்கொண்டார். திலகா அக்கா மட்டும் கொஞ்சம் தயங்கி, "பாக்கலாம்லா" என்றார். இங்கே பாக்கலாம்லா என்றால் வேண்டாம் என்று அர்த்தம். அது எனக்கு அப்போது தெரிந்திருந்தும், தெரியாத மாதிரி இருந்துகொண்டேன், யோசனை என்னுடையது என்பதால்.

ஒரு வாரம் கழித்துத் திலகா அக்கா போன் செய்தார். "மிஸ்ஸி, லெட்சுமி அம்மா ஆபீஸ் ரூம் கதவுக்கு முன்னால நாற்காலி போட்டு உக்காந்துட்டாங்க. அங்கயே சாப்பாடு, அங்கயே தூக்கம். எனக்கே உள்ள போக வழி கேட்டுட்டுத்தான் போக வேண்டியிருக்கு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பழகிவிடும் என்று நான் ஆறுதல் சொன்னேன். புதுச் செருப்புக்குச் சொல்கிற மாதிரிச் சொல்லிவிட்டேன்.

இரண்டாவது ஒத்திகையில் மணி அடித்ததும் நடந்ததை நான் மறக்க மாட்டேன். யாரும் கட்டிலுக்குப் போகவில்லை. என் யோசனை அந்த அளவுக்குப் பலித்தது. எல்லாரும் அலுவலக அறைக்குப் போனார்கள். கட்டில்களிலிருந்து வாசலுக்கு வரும் ஒரே நடைபாதையில் இருக்கிறது அந்த அறை. ஊன்றுகோல்காரர்கள், நடைவண்டி பிடித்தவர்கள், கைலியை இடுப்பில் இறுக்கிக்கொண்டே வந்த தாத்தாக்கள் எல்லாரும் பூட்டிய கதவின் முன்னால் நெருக்கியடித்து நிற்க, கதவின் கைப்பிடியை லெட்சுமி அம்மா இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பின்னால் சக்கர நாற்காலிகள் ஒன்றின்மேல் ஒன்று முட்டி நின்றன. ரோசலின் ஆன்டி எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல், "லெட்சுமி! லெட்சுமி! வாட் இஸ் ஹேப்பனிங்?" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். உண்மையான நெருப்பாக இருந்தால் அந்த நடைபாதையில் யாரும் தப்பியிருக்க மாட்டார்கள். பூட்டியது நான் சொல்லித்தான். மற்றவர்களைப் பணியாளர்கள் ஒவ்வொருவராகக் கூட்டிக்கொண்டு போனார்கள். லெட்சுமி அம்மாவின் விரல்களைக் கைப்பிடியிலிருந்து எடுக்க முடியவில்லை.

லிம் கோபப்படவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கையை முடித்துவிடலாம், மற்றவர்களைப் பழக்கிக்கொள்ளலாம், இந்த ஆன்டி செமினிக்குப் போகட்டும், அதுதான் அவருக்கும் பாதுகாப்பு என்று மெதுவாகச் சொன்னார். ரோசலின் ஆன்டிக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். நான் கிளம்பும்போது என் கையைத் தேடிப் பிடித்தார். "அவளுக்குப் பைத்தியம்னா எனக்கும் பைத்தியம்தான். ரிப்போர்ட்ல எழுது. ரெண்டு பேரையும் ஒண்ணா அனுப்புங்கலா" என்றார். கொமுட்டர் ரயிலில் வீடு திரும்பும்போது ஜன்னலுக்கு வெளியே ஒன்றையும் நான் பார்க்கவில்லை. எனக்குத் துக்கமாக இருந்தது. ஆனால் லிம்மின் வாதத்தில் எங்கே ஓட்டை என்று சொல்லத் தெரியவில்லை.

எங்கள் வீடு பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பழைய அடுக்குமாடி. கீழே பூக்கடை, இசைத்தட்டுக் கடை போய்ப் போன் கடையான இடம், வாழை இலைச் சாப்பாட்டுக் கடை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கண்ணை மூடிக்கொண்டு பால்கனியில் நின்றால் சாத்தூர் கடைத்தெருவில் நிற்கிற மாதிரி இருக்கும், மோனோரயில் சத்தம் வந்து எழுப்பும் வரைக்கும். அந்த வார ஞாயிற்றுக்கிழமை நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது கட்டடத்தின் தீ மணி அடித்தது. என் கணவர் அடுப்பை அணைத்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கதவைத் தாண்டினார். படிக்கட்டுக் கதவு வரை போயிருப்போம். நான் கையை உதறிக்கொண்டு திரும்பி ஓடினேன். வீட்டுக்குள் போய், படுக்கையறையில், பீரோவில், சேலைகளுக்கு அடியில் கையை விட்டு பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டேன். யோசித்துச் செய்யவில்லை. கால்கள் போயின. படிக்கட்டில் என் கணவர் என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார், அப்பா கத்திய அதே குரலில்.

மூன்றாவது மாடியில் யாரோ மீனை அடுப்பில் கருகவிட்டிருந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் அது தெரிவதற்கு முன்னால் நாங்கள் எல்லாரும் கீழே கார் நிறுத்தும் இடத்தில் நின்றிருந்தோம். அங்கே நான் சுற்றிப் பார்த்தேன். வங்காளதேசத்துப் பையன்கள் கையில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் உறை. எதிர்வீட்டு இலங்கை அக்கா கையில் ஜிப் வைத்த கோப்பு. பிலிப்பைன்ஸ்காரப் பெண் குழந்தையை ஒரு கையிலும் பாஸ்போர்ட்டுகளை மறு கையிலும் பிடித்திருந்தாள். எல்லாரும் திரும்பி ஓடியவர்கள். யாரையும் செமினியில் கதவு பூட்டிய இடத்துக்கு அனுப்பச் சொல்லி யாரும் அறிக்கை எழுதப்போவதில்லை. நான் அந்தத் தார்த்தரையில் உட்கார்ந்து சிரித்தேன், பிறகு அழுதேன். என் கணவர் பயத்தில் அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவிக்கொடுத்தார்.

மறுநாளே கிள்ளானுக்குப் போனேன். லெட்சுமி அம்மா வழக்கம்போல அலுவலகக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். என்மேல் கோபம் இருந்திருக்கும், காட்டவில்லை. நான் தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கள் வீட்டில் மணி அடித்ததையும் நான் ஓடியதையும் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு, நான் கேட்காமலே சொன்னார்.

"எங்கிட்ட செவப்பு ஐசிதான் இருந்துச்சு மிஸ்ஸி. இங்கதான் பொறந்தேன், ஆனா பொறந்த சூராட் இல்ல. செவப்புன்னா இருக்கலாம், ஆனா நீ நம்ம ஆளு இல்லன்னு அர்த்தம். ஒரு தடவை பாசாருக்குப் போனேன், அதையும் எடுக்காமப் போயிட்டேன். செக்கிங். ஸ்டேசன்ல உக்கார வச்சுட்டானுங்க. தோட்டத்துக் கிராணி வந்து, இது எங்க ஆளுதான்னு சொல்ற வரைக்கும் உக்காந்திருந்தேன். கொடலு வத்திப் போச்சு. எம்புருசன் செவப்போடயே செத்தாரு. எனக்கு நீலம் வந்தப்ப தலை நரைச்சுப் போச்சு. வாங்கிட்டு வந்து அவரு போட்டோக்கு முன்னால வச்சேன்."

சூராட் என்றால் பத்திரம். பாசார் என்றால் சந்தை. கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கர். நீல ஐசி என்றால் குடியுரிமை. இங்கே இருக்கும் நண்பர்களுக்கு இதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை, ஊரில் இருக்கும் உங்களுக்காகச் சொல்கிறேன். நான் அவரிடம், நெருப்பு என்றால் பயமில்லையா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "நெருப்பு அணைஞ்சிடும் மிஸ்ஸி. அப்புறம் நீ யாருன்னு கேப்பானுங்களே" என்றார்.

என் அம்மா சொன்னதும் இதேதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாளைக்கு எதில் கஞ்சி கொண்டு போவேன் என்று கேட்டவளைப் பார்த்து நாங்கள் சிரித்திருக்கிறோம். நாளை என்று ஒன்று உண்டு, அதற்கு இது வேண்டும் என்று தெளிவாக யோசித்தவர்களைத்தான் புத்தி பேதலித்தவர்கள் என்று சொல்லியிருக்கிறோம். அம்மாவுக்குப் போன் போட்டு இதைச் சொல்லலாம் என்று எடுத்தேன். அவளோ நான் சாப்பிட்டேனா, அங்கே மழையா என்று கேட்டாள்; நானும் அதற்கே பதில் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் லிம்மிடம் பேசினேன். அவர் கார் ஓட்டிக்கொண்டிருந்தார், நான் பக்கத்து இருக்கையில். "உங்க ஐசி இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டேன். கால்சட்டையின் பின்பாக்கெட்டைத் தட்டிக் காட்டினார். எப்போதுமா என்றேன். எப்போதும்தான், சட்டமே அதுதானே, உடம்போடு இருக்க வேண்டும், வேறு எங்கே வைப்பது என்றார். வீட்டில் தீ மணி அடித்தால் அதை எடுக்கத் திரும்புவீர்களா என்றேன். "எதுக்குத் திரும்பணும்? இங்கதானே இருக்கு" என்றார். "கைலியில் பாக்கெட் கிடையாது மிஸ்டர் லிம்" என்றேன் நான். அவர் கண்ணாடியைச் சரிசெய்தார். பிறகு, அவர்கள் உடம்போடு கட்டிவிட்டால் அழுக்காகும், தொலையும், குளிக்க வைக்கும்போது நனையும் என்று வரிசையாகத் தடைகள் சொல்ல ஆரம்பித்தார். தடை சொல்ல ஆரம்பித்தால் மனம் மாறிவிட்டது என்று அர்த்தம் என்பது அவரோடு வேலை பார்க்கும் எல்லாருக்கும் தெரியும்.

என்னிடம் மாதிரி ஒன்று இருந்தது. நான் முதன்முதலில் விமானம் ஏறியபோது அம்மா தன் பழைய பருத்திச் சேலையைக் கிழித்து, பாஸ்போர்ட் வைக்கிற அளவுக்கு ஒரு பை தைத்து, சுடிதாருக்குள் இடுப்பில் கட்டிவிட்டாள். கழுத்தில் போட்டால் யாராவது பிடித்து இழுப்பார்கள், இடுப்பில் இருந்தால் உனக்கு மட்டும்தான் தெரியும் என்றாள். விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் என்னை வயிற்றுவலிக்காரி என்று நினைக்கும் அளவுக்கு வழியெல்லாம் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். அந்தப் பையைத் திலகா அக்காவிடம் காட்டினேன். அவர் கைலித் துணியில், கழுத்திலும் காலிலும் மாட்டிக்கொள்ளாத மாதிரி, இழுத்தால் பிரிந்துவிடும் ஒட்டுப்பட்டையோடு, உள்ளே பிளாஸ்டிக் வைத்து எல்லாருக்கும் தைக்கச் சொன்னார். ஐசிகளைத் திருப்பிக் கொடுத்த அன்று லெட்சுமி அம்மா தன்னுடையதை வாங்கி முன்னும் பின்னும் பார்த்து, முந்தானை இல்லாததால் சட்டை நுனியில் துடைத்து, பைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டார். அன்றைக்கே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ரோசலின் ஆன்டியின் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டாராம்.

மூன்றாவது ஒத்திகைக்கு நாங்கள் போனபோது என் பாஸ்போர்ட் என்னிடம் இல்லை. வேலை அனுமதியைப் புதுப்பிக்க அதை அலுவலகத்தில் வாங்கி அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொரு முறை இப்படிப் போகும்போதும் திரும்பி வருகிற வரைக்கும் எனக்குச் சட்டை போடாமல் தெருவில் நடப்பது போல இருக்கும். அம்மா தைத்த பையை மட்டும் காலையில் இடுப்பில் கட்டிக்கொண்டேன், உள்ளே ஒன்றும் இல்லாமல். எதற்கென்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

மணி அடித்தது. நான் கூடத்தில் நின்றேன். பின்னறையிலிருந்து லெட்சுமி அம்மா ரோசலின் ஆன்டியின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். முதல் ஒத்திகையில் நின்ற இடத்துக்கு வந்ததும் நின்றார். லிம் என்னைப் பார்த்தார். லெட்சுமி அம்மாவின் வலது கை இடுப்புக்குப் போனது, பையை ஒரு தட்டுத் தட்டியது, மறுபடி நாற்காலியைப் பிடித்தது. பிறகு அவர் போன வேகத்துக்குப் பணியாளர்கள்தான் ஒதுங்க வேண்டியிருந்தது. பின்னால் ஒவ்வொருவராக, இடுப்பைத் தட்டித் தட்டி, எல்லாரும் வந்தார்கள். நடைபாதையில் ஒருவர்கூட நிற்கவில்லை.

ரம்புத்தான் மரத்தடியில் லிம் ஆள் கணக்கு எடுத்தார். அவர் பெயரை மட்டும்தான் கேட்டார். லெட்சுமி அம்மாவோ பையைப் பிரித்து, நீல ஐசியை எடுத்து அவர் முகத்துக்கு நேராக நீட்டினார். லிம் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு கையாலும் வாங்கி, படத்தைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, தலைவணங்கித் திருப்பிக் கொடுத்தார். செமினிப் பேச்சு அத்தோடு முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. திலகா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே எல்லாருக்கும் மைலோ கலக்க உள்ளே போகப் பார்த்தார். கணக்கு முடியவில்லை, நில்லுங்கள் என்று லிம் அதட்டினார். கட்டடத்துக்குள் இருந்த பார்வையாளர்களையும் சேர்க்க வேண்டும் என்பது விதி. என் பக்கம் திரும்பினார். வேடிக்கைக்காகத்தான், லெட்சுமி அம்மாவைச் சிரிக்க வைக்கத்தான், கையை நீட்டி, "ஐசி?" என்றார்.

என் கை இடுப்புக்குப் போனது. வெறும் துணி. வேடிக்கை என்று தெரிந்தும் அதைத் தடவித் தேடினேன். கவுன்டரில் இருக்கும் பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பது போல இருந்தது.

லெட்சுமி அம்மா சிரிக்கவில்லை. நாற்காலியின் கைப்பிடியை விட்டுவிட்டு எனக்கும் லிம்முக்கும் நடுவில் வந்து நின்றார். மரம் வெட்டிய அந்தக் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. "டியா கித்தா புஞா ஓராங்" என்றார் லிம்மிடம், அன்று ஸ்டேஷனில் தோட்டத்துக் கிராணி எந்தக் குரலில் சொல்லியிருப்பாரோ அந்தக் குரலில். பிறகு எனக்குப் புரியாமல் போய்விடுமோ என்று தமிழிலும் சொன்னார்: "இது எங்க ஆளுதான். எழுதிக்க."

லிம் எழுதிக்கொண்டார். என் ஒரு கை லெட்சுமி அம்மாவின் பிடியில் இருந்தது. இன்னொரு கை அம்மா தைத்த காலிப் பையின் மேலேயே இருந்தது.